ஐப்பசி மழையில் ஒரு பாழ்வீடு: ஹாலோவீன் சிற்றுருக் காட்சி செய்ய முழுமையான வழிகாட்டி

நவராத்திரிக் கொலுப்படிக்கு முன்னால் கேழ்வரகை முளைக்க வைத்துப் பூங்காவும், உடைந்த கண்ணாடியில் குளமும், தீப்பெட்டியில் வீடுகளும் அமைத்துப் பழகிய எவருக்கும், ஓர் இடத்தையே சிறிய அளவில் செய்துகாட்டும் சிற்றுருக் காட்சி புதிய வித்தை அன்று. அதே கை, அதே பசை, அதே பொறுமைதான் இதற்கும் வேண்டும். பார்ப்பவர் 'அழகாக இருக்கிறது' என்று சொல்வதற்குப் பதிலாகச் சற்றுத் தயங்கிப் பின்வாங்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஹாலோவீன் அக்டோபர் 31 அன்று வருகிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து இருண்ட பருவம் தொடங்குவதைக் குறித்துக் கொண்டாடிய சம்ஹைன் என்னும் நாளோடு அதனை இணைத்துச் சொல்வது வழக்கம். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் என்பதால், அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில் இப்பெயர் வந்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே எளிதில் கிடைத்த பரங்கிக்காய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நான் இராயபுரத்தில் வசிப்பவன். இங்கே நவம்பர் 2 கல்லறைத் திருநாள்; காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் தம் முன்னோரின் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்ற மக்கள் திரள்வார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு சிலுவையையும் கல்லறையையும் வேடிக்கைப் பொருளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் கல்லறை கிடையாது. ஒரு பழைய வீடு, அதன் திண்ணை, பக்கத்தில் ஒரு முருங்கை மரம், மாடியில் எரியும் ஒரேயொரு விளக்கு ஆகியவை மட்டுமே உண்டு. பொம்மைப் பேய்களை எத்தனை நிறுத்தினாலும் வராத அச்சம், நம்பத்தகுந்த ஒரு வீடு சரியான இடங்களில் பாழாகியிருந்தால் தானாக வந்துவிடும் என்பதைச் சில ஆண்டுகளாகச் செய்து பார்த்தே கற்றுக்கொண்டேன். பாழாக்குவது என்றால் கண்ட இடத்தில் கறுப்பு பூசுவதன்று. மழைநீர் அந்த வீட்டில் எந்த வழியாக இறங்கியிருக்கும் என்று கண்டுபிடிப்பது.

அளவு

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே அளவு விகிதத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். பொம்மை வீடு செய்பவர்கள் பெரும்பாலும் 12-இல் 1 பங்கு அளவைப் பின்பற்றுகிறார்கள். அதில் 1 அடி 1 அங்குலமாகும். நம் வீடுகளின் மேசைக்கும் அலமாரிக்கும் 24-இல் 1 பங்கு பொருத்தமானது. அதில் 1 அடிக்கு அரை அங்குலம் என்பதால் கணக்கும் எளிது. ஒவ்வொரு தளமும் 10 அடி உயரம் என்றால் 5 அங்குலம். 3 அடிக் கைப்பிடிச்சுவர் ஒன்றரை அங்குலம். எனவே ஒரு மாடி வீட்டின் முகப்பு மொத்தம் 11½ அங்குலம். அகலம் 8 அங்குலமும் ஆழம் 4 அங்குலமும் போதும். வாசற்கதவு 3½ அங்குல உயரமும் 1¾ அங்குல அகலமும், சன்னல் 2 அங்குல உயரமும் 1½ அங்குல அகலமும், திண்ணை 1 அங்குல உயரமும் 1½ அங்குல ஆழமும் இருக்கட்டும். பின்புறம் திறந்தே இருக்கலாம், அங்கேதான் விளக்குக் கம்பிகள் போகும்.

இந்த அளவை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கடையில் கண்ட அழகான குட்டி நாற்காலியோ குட்டிச் சிலந்தியோ அளவு பார்க்காமல் உள்ளே வந்துவிட்டால், அதுவரை வீடாகத் தெரிந்தது உடனே அட்டைப்பெட்டியாகத் தெரியத் தொடங்கும்.

பொருட்கள்

அடிப்பலகைக்கு 12 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் 1 அடிக்கு 1 அடி. சுவர்களுக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு, அதாவது இரு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த அட்டை. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவின் தாள் கடைகளில் அட்டை வகைகள் அனைத்தும் கிடைக்கும். நான் முதல்முறை சுவருக்குச் சாதாரண மில் போர்டு கேட்டபோது, கடையிலிருந்த பெரியவர், "தம்பி, ஐப்பசி மாசத்துல இத்த வாங்கிக்கினு போறியே, அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்பா" என்றார். கேட்காமல் வாங்கிவந்தேன், அப்பளமே ஆனது. ஃபோம் போர்டும் நெளியக்கூடியதுதான், ஆனால் இருபுறமும் வண்ணம் பூசிவிட்டால் நேராக நிற்கும்.

இவற்றுடன் ஃபெவிகால், அக்ரிலிக் வண்ணங்களில் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம், பழுப்பு, இலைப்பச்சை, வெளிர்நீலம், கொஞ்சம் வால் புட்டி, எம்-சீல், ஐஸ் குச்சிகள், தீக்குச்சிகள், தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குகள், பழைய மின்கம்பியின் செம்பு இழைகள், மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணி, கல் உப்பு, பயன்படுத்திய டீத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. விளக்கும் மின்தடையும் பர்மா பஜார்ப் பக்கத்திலோ அருகிலுள்ள எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபோம் போர்டின் நடுப்பகுதியும் தெர்மோகோலும் ஒரே இனம். ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், ஃபெவிக்விக் ஆகிய மூன்றும் அவற்றை அரித்துக் குழியாக்கிவிடும். தண்ணீரில் கரையும் வண்ணமும் வெள்ளைப் பசையும் மட்டுமே அவற்றின்மீது படலாம். காகிதக்கூழ் வேலைக்கு மைதாப் பசை காய்ச்சுபவர்கள், புத்தகம் பைண்டு செய்வோர் செய்வதுபோல் சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. அது நஞ்சு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் காய்ச்சவும் கூடாது.

எலும்புக்கூடு

முகப்பையும் இரு பக்கச் சுவர்களையும் மாடித் தளத்தையும் கூரையையும் பென்சிலால் வரைந்து, புதிய பிளேடு போட்ட கட்டரால் மூன்று இழுப்பில் வெட்டுங்கள். முதல் இழுப்பு மேல்தாளுக்கு, இரண்டாவது நடுநுரைக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு. ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் கடித்த ரொட்டிபோலப் பிய்ந்துவிடும். சன்னல், வாசல் திறப்புகளை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

உட்புறம் முழுவதற்கும் கறுப்பு அக்ரிலிக் இரண்டு பூச்சு கொடுங்கள். வெள்ளை ஃபோம் போர்டு வழியாக வெளிச்சம் கசியும். விளக்கைப் போட்டதும் வீடு முழுவதும் காகித விளக்குபோல ஒளிர்ந்து அத்தனை உழைப்பும் வீணாகும். மாடியில் விளக்கு எரியப்போகும் அறையின் உட்சுவரை மட்டும் அந்தக் கறுப்பின்மேல் மங்கிய மஞ்சளாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஃபெவிகால் தடவி, குண்டூசிகளைக் குத்தி நிறுத்தி, இரவு முழுவதும் காயவிடுங்கள். கூரையை இப்போது ஒட்டக் கூடாது.

மரவேலை

கதவு, சன்னல், தூண் ஆகியவற்றுக்கு வண்ணத்தால் மரநிறம் கொடுப்பதைவிட, மரத்தையே முதுமையடையச் செய்வது மேலானது. ஒரு கண்ணாடிக் குவளையில் 100 மி.லி. வெள்ளை வினிகர் ஊற்றி, பெயின்டர்கள் தேய்க்கப் பயன்படுத்தும் இரும்பு நாரில் ஓர் உருண்டையைப் போட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். வாயு வெளியேறும் என்பதால் இறுக மூடாமல், அடுப்பு அருகிலும் வைக்காமல், சன்னலோரமாக வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு என்பதால் அது ஊறாது. இரும்பு நார் கிடைக்காவிட்டால் பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கலாம்.

ஐஸ் குச்சிகளின்மீது முதலில் திக்கான டீ டிகாக்ஷனைத் தடவிக் காயவைத்து, அதன்மேல் இந்தக் கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருமை உண்டாக, சில நிமிடங்களில் அந்த வெளுத்த குச்சி பல மழை கண்ட மரமாக மாறுவதை உங்கள் கண்முன்னே பார்க்கலாம். இந்த ஒரு வேலையை மட்டும் நான் எத்தனை முறை செய்தாலும் சலிப்பதில்லை.

10 மி.மீ. அகலமுள்ள ஐஸ் குச்சியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால் கதவுப் பலகை. தீக்குச்சிகளை அடுக்கினால் சன்னலின் மரப்பட்டைகள். ஈர்க்குகளைக் கரும்பழுப்பாக்கிச் சன்னலுக்கு நட்டால் இந்த அளவில் முக்கால் அங்குலம் முதல் ஓரங்குலம் தடித்த இரும்புக் கம்பிகளாகத் தெரியும். ஒரு சன்னலின் ஒரு கதவை மட்டும் கீழ்க்கீல் கழன்றதுபோலச் சாய்த்து ஒட்டுங்கள். இரண்டாவது சன்னலிலும் அப்படிச் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள்.

வாசற்கதவில் பெயின்ட் வெடித்திருக்க வேண்டுமென்றால், கருமையாக்கிய பலகைமீது ஃபெவிகாலைப் பூசி, விரல் வைத்தால் ஒட்டும் பதத்திற்கு வந்ததும், கெட்டியான நீலவண்ணத்தை ஒரே இழுப்பில் பூசி மின்விசிறியின் கீழ் வையுங்கள். அடியில் பசை சுருங்கும்போது மேலே வண்ணம் பாளம்பாளமாக வெடிக்கும். மறு இழுப்பு இழுத்தால் வெடிப்பு வராமல் கூழாகிவிடும்.

சுவர்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் மூன்று நாளை இதற்கென ஒதுக்குங்கள். கடலோரத்துச் சுவர் எப்படிக் கெடும் என்பதை இராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு தெரு நடந்தால் கண்டுகொள்ளலாம். தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும்; அதற்குமேல் சுண்ணாம்பு பல நிறங்களில் அடுக்கடுக்காக உரிந்திருக்கும்; மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் அடியில் கறுத்த நாக்குபோல் ஒரு கறை கீழ்நோக்கி நீளும். சன்னல் அடிக்கட்டையின் இரு முனைகளிலும் மீசைபோல இரண்டு கறைகள் இறங்கும், நடுவில் இறங்காது. கைப்பிடிச்சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று நிச்சயம் நிற்கும். கைப்பேசியில் நாலைந்து சுவர்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் ஓரிரு இடங்களில் செங்கல் வெளித்தெரிய வேண்டும். அங்கே மேல்தாளை உரித்து, நுரையில் பால்பாயிண்ட் பேனாவால் 9 மி.மீ. நீளமும் 3 மி.மீ. உயரமுமாகக் கட்டங்களை அழுத்திக் கீறுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் அழுத்தினால் செங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். மற்ற இடங்களில் வால் புட்டியோடு கொஞ்சம் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து, 1 மி.மீ. கனத்தில் பழைய ஏ.டி.எம். அட்டையால் இழுத்துவிடுங்கள். மட்டமாக வரவில்லை என்று வருந்த வேண்டாம்.

புட்டி காய்ந்த மறுநாள் செம்மண் நிறத்தையும் சாம்பல் நிறத்தையும் திட்டுத்திட்டாகப் பூசுங்கள். செங்கல் பகுதிக்கும் இதே பூச்சுதான். அது காய்ந்ததும், எதன்மீது சுண்ணாம்பு உரிந்திருக்க வேண்டுமோ அந்த இடங்களை மட்டும் தண்ணீரால் ஈரமாக்கி, ரவை பதத்திற்குப் பொடித்த கல் உப்பைத் தூவுங்கள். சுவரின் அடியில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் தூவ வேண்டும். நீர் வற்றி உப்பு ஒட்டிக்கொண்ட பிறகு, வெளிர்நீலத்தோடு வெள்ளை கலந்த வண்ணத்தை ஸ்பாஞ்சுத் துண்டில் எடுத்து, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றியெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஏறக்குறைய காய்ந்த வண்ணத்தை உப்பின்மேல் மெல்ல ஒற்றுங்கள். தூரிகையால் இழுத்தால் உப்பு கரைந்து நகர்ந்துவிடும். எல்லாம் காய்ந்தபின் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால், உப்பு உதிரும் ஒவ்வோர் இடத்திலும் அடிவண்ணம் ஒழுங்கற்ற ஓரத்தோடு வெளிப்படும். எவ்வளவு திறமையான தூரிகையும் இப்படி வரையாது.

இதற்குப் பின் ஒரு சிறு வேலையைத் தவறவிடக் கூடாது. ஈரத்துணியைப் பிழிந்து சுவரை இரண்டு முறை ஒற்றி மிச்ச உப்பை நீக்கிவிட வேண்டும். ஓராண்டு இதைச் சோம்பலால் விட்டுவிட்டேன்; அடைமழை பிடித்த மறுநாள் காலையில் பார்த்தால், காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டு சுவர் முழுவதும் வியர்த்து, வண்ணம் கரைந்து திண்ணையில் வழிந்திருந்தது. பாழ்வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் புட்டியும் சேர்ந்து உதிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் கறைகள். கறுப்பும் பழுப்பும் கலந்து டிகாக்ஷன் அளவுக்கு நீர்த்த வண்ணத்தை, தண்ணீர்க் குழாயின் வாயிலும் சன்னல் அடிக்கட்டையின் முனைகளிலும் ஒரு துளி வைத்து, வீட்டை நிமிர்த்திப் பிடித்து அதுவாகவே வழியவிடுங்கள். வழிந்து நிற்கும் இடத்தில் இன்னொரு துளி. தரையைத் தொடும் விளிம்பில் நீர்த்த பச்சை. வெயிலும் மழையும் எட்டாத சன்னல் மேற்கட்டையின் அடியில் கறை கூடாது. அங்கே பழைய நீலம் அப்படியே இருந்தால்தான் மற்ற இடங்களின் முதுமை எடுபடும்.

அரசங்கன்றுக்குச் செம்பு இழை ஒன்றும், தாளில் 4 மி.மீ. அளவில் வெட்டிய ஐந்தாறு இதய வடிவ இலைகளும் போதும். இலைகளின் நுனியை ஊசியால் இழுத்துக் கூராக்கினால் அரசிலை என்று எவரும் கண்டுகொள்வர்.

விளக்கு

கூரை ஒட்டும் முன் செய்ய வேண்டிய வேலை இது. வெதுவெதுப்பான வெண்மஞ்சள் எல்.இ.டி. ஒன்று ஏறக்குறைய 3 வோல்ட்டில் எரியும். கைப்பேசி சார்ஜர் தருவது 5 வோல்ட்; மிச்சம் 2 வோல்ட்டைத் தாங்க 150 ஓம் மின்தடையைத் தொடரில் இணைத்தால் சுமார் 13 மில்லி ஆம்பியர் ஓடும், விளக்குக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்த வெளிச்சம் கல்யாண வீட்டுக்கு ஏற்றது. நான் மஞ்சள், ஊதா, பழுப்பு வளையங்கள் கொண்ட 470 ஓம் மின்தடையைப் போடுகிறேன். யாரோ திரியைக் குறைத்துவைத்த அரிக்கன் விளக்குபோல எரிகிறது. பழைய சார்ஜர் கேபிளை வெட்டினால் வழக்கமாகச் சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை, எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைக்குரியது. இணைப்புகளைப் பற்றவைத்து உறையிட்டபின், சார்ஜரில் செருகிச் சோதித்த பிறகே உள்ளே பொருத்துங்கள்.

விளக்கைச் சன்னலுக்கு நேரே வைக்காமல், அந்த மஞ்சள் உட்சுவரை நோக்கித் திருப்பிவையுங்கள். சன்னலுக்குள் பட்டர் தாளை ஒட்டிவிடுங்கள். அந்தத் தாளின் உட்பக்கத்தில், ஓரமாக, உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தோளும் தலையும் தெரியும்படி கறுப்புத்தாள் நிழலுரு ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். உட்கார்ந்தவரின் தலை இந்த அளவில் தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் வரும். முழு உருவம் வேண்டாம். மின்னி மின்னி எரியும் விளக்கும் வேண்டாம். பொருத்தியதும் கூரையை ஒட்டிவிடலாம்.

முற்றமும் முருங்கையும்

கடல்மணலில் உப்பு இருக்கும். நாலைந்து நீரில் அலசிக் காயவைத்துச் சலித்தே பயன்படுத்த வேண்டும். அடிப்பலகையில் ஃபெவிகாலைத் தடவி மணலைத் தூவி, ஆங்காங்கே கழுவி உலர்த்திய டீத்தூளைச் சருகாகவும், 4 மி.மீ. நீளத்தில் நறுக்கிய தேங்காய்நாரைக் காய்ந்த புல்லாகவும் ஒட்டுங்கள்.

மரத்துக்கு வேதாளம் ஏறிய முருங்கையைத் தவிர வேறெதைத் தேர்வது? 24 செம்பு இழைகளைச் சேர்த்து அடிமரமாக முறுக்கி, பிறகு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரித்து முறுக்கிக்கொண்டே போங்கள். முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதால் ஓரிரு பெரிய கிளைகளைப் பாதியில் வெட்டிவிடுங்கள். ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுற்றிப் பட்டை உண்டாக்கி, சாம்பல் பழுப்பு பூசுங்கள். கறுப்பு நூலைப் பசையில் விறைக்கவைத்து முக்கால் அங்குலத் துண்டுகளாக ஏழெட்டைத் தொங்கவிட்டால், பறிக்க ஆளில்லாமல் முற்றிக் காய்ந்த காய்கள்.

பரங்கிக்காய்கள் அரை அங்குலம் தாண்டக் கூடாது. அலுமினியத் தாள் உருண்டைமேல் எம்-சீல் பொதிந்து, இறுகும் முன் நூலால் எட்டுப் பக்கமும் அழுத்திப் பள்ளமிட்டு, கூர்க்கத்தியால் கண்ணும் வாயும் குடைந்து, காய்ந்தபின் குழிகளுக்குள் கறுப்பும் வெளியே செம்மஞ்சளும் பூசித் திண்ணையில் மூன்றை வையுங்கள். வாசலுக்கு மேல், மீசையும் கோரைப்பல்லும் வரைந்த ஒரு வெள்ளைப் பூசணியை நூலில் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். அயர்லாந்துக்காரர் தீயதை விரட்டச் செதுக்கிய முகமும் நாம் கண்ணேறு கழிக்க வரையும் முகமும் ஒரே வாசலில் சந்தித்துக்கொள்ளட்டுமே.

பேய் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், இரண்டே முக்கால் அங்குலக் கம்பியின் உச்சியில் ஒரு மணியைச் செருகி, பாதிக்குப்பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த காஸ் துணியை அதன்மேல் போர்த்தி, பிளாஸ்டிக் தாளின்மீது நிறுத்தி உலர்த்தி, முருங்கைக்குப் பின்னால் பாதி மறையும்படி வைக்கலாம். சென்ற ஆண்டு நானும் ஒன்றை வைத்தேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்து, "மேல லைட்டப் போட்டுக்கினு யாருண்ணா உக்காந்துனுகீறாங்க?" என்று கேட்டான். அன்றிரவே பேயை எடுத்துவிட்டேன்.

எடுத்துவைத்தல்

அறை விளக்கை அணைத்து, காட்சியைக் கண்மட்டத்திற்கு உயர்த்திவையுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் எந்த வீடும் பொம்மைதான். விழா முடிந்ததும் கேபிளைக் கழற்றி, நன்கு காய்ந்த ஒரு நாளில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கரப்பான்பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைப் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி தெர்மோகோலையும் ஃபோம் போர்டையும் இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும், பொங்கலுக்கு ஒருமுறை திறந்து வெயில் காட்டிவிட்டு இலையை மாற்றிவிடுங்கள்.